பாட்டன் விதியும் எங்கள் பாட்டன்மாரும்

கொஞ்சம் நீளமான பதிவு. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு கொமெண்ட் போடாமல், நேரம் இருக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

தீவகத்தில் நாள் வாடகை வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் ஒழுங்கு விதி வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால், உடனே ஒரு பதில் வருகிறது. "இனி வாறதுக்குச் சட்டம் போடுங்கோ, ஏற்கனவே நடக்கிறதைத் தொடாதேங்கோ." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். நாங்கள் தலையாட்ட மாட்டோம். ஏன் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில், இந்தப் பேச்சு ஏன் இப்போது வருகிறது? நயினாதீவுக்கு வருகிற சனத்துக்கு என்றைக்கும் குறைவில்லை. நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் வருகிற எல்லோரும் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை தாண்டி, புங்குடுதீவு குறிகட்டுவானில் போய்த்தான் படகு ஏறுகிறார்கள். முன்பு அவர்கள் மடத்தில் தங்கினார்கள், அல்லது அன்றே திரும்பினார்கள். 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் மீண்டும் திறந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார். மண்டைதீவு எங்கள் வேலணைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் இருக்கிறது. மைதானம் எப்போது முடியுமோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் காணி விலைக்கு மைதானம் முடியும் வரை காத்திருக்கும் பழக்கம் இல்லை.

கனடாவிலும் பிரான்ஸிலும் சுவிஸிலும் இருப்பவர்களின் வீடுகள் திருத்தப்படுகின்றன. ஏ.சி. பூட்டி, படம் எடுத்து, புக்கிங் டொட் கொம்மிலும் எயார்பிஎன்பியிலும் போட்டாகிறது. அதில் தவறு ஒன்றுமில்லை. பூட்டிக் கிடந்து கறையான் அரித்த வீட்டில் விளக்கு எரிவது நல்லதுதான். பக்கத்து வீட்டு அக்கா நண்டுக் கறி சமைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கிறார் என்றால் எங்களுக்கும் சந்தோசம். எங்கள் ஆட்களில் சிலர் "சுற்றுலா வந்தால் பியர் போத்தலும் வரும்" என்பதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அது வேறு விசயம், அதைத் தனியாகப் பேசலாம். கிணற்றில் உப்பு ஏறினால் பியர் குடிப்பவன், குடிக்காதவன் என்று அது பார்க்காது.

அதே நேரம் இன்னொன்றும் நடக்கிறது. எங்களோடு படிப்பிக்கிற ஆசிரியைகள் மாத வாடகைக்கு ஒரு வீடு தேடினால் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. ஒரு கிழமை விட்டால் ஒரு மாத வாடகை வரும் வீட்டை யார் ஆசிரியைக்குக் கொடுப்பார்கள்? தினமும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார்கள். தீவுப் பாடசாலைகளில் ஆசிரியர் நிலைப்பதில்லை என்று கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறவர்கள் இதையும் ஒரு காரணமாக எழுதிக்கொள்ளலாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி உபவிதி செய்யவும் வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கவும் பிரதேச சபைக்கு அதிகாரம் உண்டு. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்படி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை விடுதிகளைப் பதிவு செய்கிறது. கடலோரம் என்றால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் வருகிறது. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் அதன் ஆட்சிக்குள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டம், பிரகடனப்படுத்திய இடங்களுக்கு. நாலு கதவு. ஒன்றைத் தட்டினால் மற்றதைக் காட்டுவார்கள். எந்தத் தெருவில் குடியிருப்பு, எந்தத் தெருவில் விடுதி, ஒரு வட்டாரத்தில் எத்தனை நாள் வாடகை வீடு என்று வலயம் பிரித்துச் சொல்லும் விதியைத்தான் இந்த நாலுக்கும் நடுவில் காணோம். இந்த இடைவெளிக்குள்தான் "ஏற்கனவே நடப்பவை" எல்லாம் முளைத்தன.

இப்போது அந்தப் பக்கத்தாரின் நியாயத்தை எடுப்போம். அவர்களின் நல்ல வாதத்தைத்தான் எடுக்க வேண்டும், மோசமான வாதத்தை அடித்துவிட்டு வென்றோம் என்று சொல்வதில் பிரயோசனமில்லை. ஒருவர் அன்றிருந்த சட்டப்படி அனுமதி எடுத்தார், வங்கியில் கடன் எடுத்தார், கட்டினார், வரி கட்டினார். நாளைக்குப் புதிய விதி வந்து "மூடு" என்றால் அநியாயம்தானே? ஆம், அநியாயம்தான். அமெரிக்காவின் ஒஸ்டின் நகரம், உரிமையாளர் குடியிருக்காத நாள் வாடகை வீடுகளைக் குடியிருப்பு வலயங்களில் 2022க்குள் நிறுத்த விதி செய்தபோது, 2019இல் டெக்சாஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. அனுமதி எடுத்து நடத்தியவனின் உரிமையைப் பின்னோக்கிப் பறிக்க முடியாது என்பது அதன் சாரம்.

ஆனால் கவனியுங்கள், அங்கே காப்பாற்றப்பட்டது அனுமதியோடு நடந்த பாவனை. தொடங்கிய நாளில் சட்டப்படி இருந்த பாவனைக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. எங்கள் ஊரில் "ஏற்கனவே" என்ற சொல்லுக்குள் அனுமதி எடுத்தவரும் எடுக்காதவரும், தன் காணியில் கட்டியவரும் யாருடைய காணியென்று தெரியாமல் கட்டியவரும் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே பஸ்ஸில் ரிக்கற் எடுத்தவனும் எடுக்காதவனும் இருப்பது போல. செக்கர் ஏறும்போது "எல்லோரும் ஏற்கனவே ஏறிவிட்டோம்" என்றால் விட்டுவிடுவாரா?

இப்படி விட்டால் என்னவாகும் என்பதற்குச் சென்னையைப் பாருங்கள். விதி மீறிய கட்டடங்களை ஒரே ஒரு தடவை வரன்முறைப்படுத்துகிறோம் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்து 1999 பெப்ரவரி 28 என்று திகதி வைத்தார்கள். பிறகு அந்தத் திகதியை மூன்று தடவை தள்ளி 2002 வரை கொண்டுபோனார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் அந்த நீடிப்புகள் செல்லாது என்றது. 2012இல் மீண்டும் ஒரு திருத்தம், இந்தத் தடவை 2007 ஜூலை 1. ஒரு தடவை மன்னிப்புத் திகதி வைத்தால் அடுத்த திகதிக்காகக் கட்டத் தொடங்குவார்கள். மேசன்மாருக்கும் இது தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் "கிராண்ட்ஃபாதர்" விதி என்று பெயர். பாட்டன் விதி. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எங்களில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து கறுப்பினத்தவர்களுக்கு வாக்குரிமை வந்த பிறகு, அதை எப்படிப் பறிக்கலாம் என்று தென் மாநிலங்கள் யோசித்தன. எழுத்தறிவுச் சோதனை, சொத்துத் தகுதி என்று வைத்தார்கள். அப்படி வைத்தால் ஏழை வெள்ளையரும் விழுந்துவிடுவார்களே? 1898இல் லூசியானா ஒரு வழி கண்டுபிடித்தது. 1867 ஜனவரி 1ஆம் திகதியோ அதற்கு முன்னரோ வாக்குரிமை இருந்தவருக்கும், அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் இந்த நிபந்தனைகள் இல்லை. அந்தத் திகதியில் கறுப்பினத்தவரின் பாட்டன் எங்கே இருந்தான்? வாக்குப் பதிவில் இருந்திருக்கவே முடியாது. சட்டத்தில் கறுப்பு, வெள்ளை என்று ஒரு சொல்கூட இல்லை. திகதி மட்டும்தான் இருந்தது. ஒக்லஹோமாவில் இருந்த இதே மாதிரி விதியை 1915இல்தான் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

இதை வாசித்தபோது எங்களுக்கு நெஞ்சில் தைத்தது. தீவகத்தில் எந்தத் திகதியை வைக்கப் போகிறீர்கள்?

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசம். மாகாணம் முழுக்க ஏறத்தாழ 75,000 பேர். நயினாதீவிலும் மண்கும்பான் வெள்ளைக்கடற்கரையிலும் பள்ளிவாசல் கட்டித் தொழுது வாழ்ந்த சனம் எங்கள் சனம். எங்கள் வயதுக்காரர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் புத்தளம். ஊர் என்று கேட்டால் வாப்பா சொன்ன வேலியும் கிணறும்தான்.

எங்களுக்கு மட்டும்தான் இது நடந்தது என்று சொல்ல வரவில்லை. 1990லும் 1991லும் நடந்த படை நடவடிக்கைகளில் தீவகத்துத் தமிழ்ச் சனமும் வீடு வாசலை விட்டு ஓடியது. 2006இல் அல்லைப்பிட்டிச் சனம் மறுபடி ஓடியது. ஓடியவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. திரும்பியவர்களும் ஒரே நாளில் திரும்பவில்லை. ஆகவே 2015 என்று வைத்தாலும் 2020 என்று வைத்தாலும், அன்றைய திகதியில் "இங்கே இருந்தவர்" யார், இருக்க முடியாமல் போனவர் யார் என்பதைப் போர்தான் தீர்மானித்திருக்கிறது. அதைத்தான் உபவிதியாக எழுதி வர்த்தமானியில் போடச் சொல்கிறீர்கள்.

எப்படி என்று ஒரு வளவை வைத்துப் பார்ப்போம். உரிமையாளர் புத்தளத்திலோ ரொறன்ரோவிலோ. உறுதி ஒரு தகரப் பெட்டிக்குள், அல்லது ஓடும்போது தொலைந்துவிட்டது. பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவரை விட்டார்கள், அல்லது யாரும் விடாமலே ஒருவர் வந்தார். அவர் வேலி அடைத்தார், கரண்ட் எடுத்தார், சோலைவரி தன் பெயரில் கட்டினார். பிறகு இரண்டு அறை இறக்கி வாடகைக்கு விட்டார். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்து வருடம் தடையில்லாமல் எதிர் ஆட்சி நடந்தால் உரித்தே கேட்கலாம். இந்த அநியாயம் தெரிந்துதான் 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்குப் போட முடியாதவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அது கொடுத்த அவகாசம் இரண்டு வருடம். முப்பது வருடம் அலைந்த சனம் இரண்டு வருடத்துக்குள் உறுதி தேடி, அப்புக்காத்து பிடித்து, வழக்குப் போட வேண்டும். எத்தனை பேரால் முடியும்?

இப்போது அந்த வளவின் மேல் "ஏற்கனவே உள்ள விடுதி" என்று இன்னொரு முத்திரை. விடுதி அனுமதிப்பத்திரம் உரித்தைக் காட்டாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கந்தோரில் கடதாசி எப்படி வேலை செய்கிறது என்று எங்களுக்கும் தெரியும். ஒரு கடதாசி அடுத்த கடதாசியைப் பெறும். கரண்ட் பில் சோலைவரி ரசீதைப் பெறும், ரசீது அனுமதிப்பத்திரத்தைப் பெறும், அனுமதிப்பத்திரம் வங்கிக் கடனைப் பெறும். கடைசியில் சொந்தக்காரன் வந்து நிற்கும்போது அவன் கையில் இருப்பது வாப்பா சொன்ன கதை மட்டும்.

இன்னும் மோசமான பக்கம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. சண்டையே இல்லாத, உறுதி சுத்தமான காணிக்காரனும் இதில் தோற்கிறான். அவன் நாளைக்குத் திரும்பி வந்து தன் இடிந்த வீட்டை எழுப்பி இரண்டு அறையை வாடகைக்கு விட நினைக்கிறான் என்று வையுங்கள். புதிய விதி அவனுக்கு முழுமையாகப் பொருந்தும். கடலிலிருந்து இவ்வளவு தூரம், வீதி இவ்வளவு அகலம், இந்த வலயத்தில் இனி விடுதி இல்லை. பக்கத்து வளவில் நீச்சல் தடாகத்தோடு நிற்கிறது பழைய விடுதி. அதற்கு ஒன்றும் இல்லை. புதிதாக யாரும் வர முடியாது என்பதால் பழையதன் பெறுமதி இரட்டிப்பாகும். அதாவது ஒழுங்கு விதி என்று நாங்கள் கேட்டது, முதலில் வந்தவருக்கு ஏகபோகமாகக் கிடைக்கிறது.

கற்பனை செய்கிறோம் என்று நினைக்காதீர்கள். இந்த நாடு இதை ஏற்கனவே செய்து பார்த்திருக்கிறது. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் வரை கட்டக் கூடாது என்றார்கள். அதிலும் வடக்கு கிழக்குக்கு ஏன் இரட்டிப்பு என்று இன்றுவரை திருப்தியான பதில் இல்லை. மீனவனின் குடிசை அள்ளுண்டு போனது, அதனால் அவன் புதிதாகக் கட்டுபவன், தடை. பெரிய சேதமில்லாத கட்டடம் "ஏற்கனவே உள்ளது", திருத்திக்கொள்ளலாம். சுற்றுலா விடுதிகளுக்கும் விலக்கு. கல்லால் கட்டியவன் தப்பினான், ஓலையால் கட்டியவன் வெளியே. எதிர்ப்பு வந்த பிறகுதான் அந்த எல்லையைத் தளர்த்தினார்கள். பொத்துவில் அறுகம் குடாச் சனத்திடம் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள்.

காலிக் கோட்டையையும் பாருங்கள். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. கல்லுக்கும் ஓட்டுக்கும் யன்னல் நிறத்துக்கும் விதி இருக்கிறது. உள்ளே யார் வாழ வேண்டும் என்பதற்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் எத்தனையோ வீட்டை விற்றுவிட்டு வெளியேறின. வீடுகள் வில்லாவாகவும் பூட்டிக் ஹோட்டலாகவும் மாறின. யாரும் துவக்குக் காட்டவில்லை, நல்ல விலைதான் கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்கு அழகான வெள்ளைப் பூச்சு இருக்கிறது, சுற்றிவரத் தெருவில் சுற்றுலாக்காரர் படம் எடுக்கிறார்கள்.

விதி யாருக்கு என்று பேசும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலில் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையில் கடற்படை விடுதி நடத்துகிறது. காங்கேசன்துறையில் இராணுவம் தல்செவன நடத்துகிறது. "ஏற்கனவே" என்றால் அவையும் ஏற்கனவேதான். வேலணையில் இரண்டு அறை வாடகைக்கு விடும் விதவைத் தாயிடம் அனுமதிப்பத்திரம் கேட்கப் போகிறவர்கள் அங்கேயும் போய்க் கேட்பார்களா என்று தெரிந்தால் நல்லது.

தண்ணீர் விசயம். இதில் பழையது புதியது என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் தீவுகளின் அடியில் சுண்ணாம்புக் கல், அதன் மேல் மணல். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அந்தப் படையைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். சாட்டியிலும் மண்கும்பானிலும் நல்ல தண்ணீர் நிற்பதே அந்த மணலால்தான். மணலையும் அள்ளி விற்றாகிவிட்டது, அது வேறு வயிற்றெரிச்சல். மோட்டர் போட்டு நாள் முழுக்க இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். ஏறினால் இறங்க வருடங்கள் ஆகும். பவுசருக்கு வாளியோடு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. இரண்டு பேருக்காகக் கட்டிய மலசலகூடக் குழியை இருபது பேர் பாவித்தால், அது 2010இல் கட்டியதா 2025இல் கட்டியதா என்று பார்த்துக்கொண்டு அழுக்கு நிற்காது. பக்கத்துக் கிணற்றுக்குப் போகும்.

ஆகவே நாங்கள் கேட்பது என்ன? எல்லாவற்றையும் மூடச் சொல்லவில்லை. தண்ணீர், கழிவு, தீப் பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும், திகதி பார்க்கக் கூடாது. தன் வீட்டில் தானும் குடியிருந்துகொண்டு அறை விடுபவரை எந்த வலயத்திலும் தொந்தரவு செய்யக் கூடாது. அந்தக் காசு இந்த ஊர்க் கடையில்தான் செலவாகிறது. குடியிருக்காமல் முழு வீட்டையும் விடுபவர்களுக்குத்தான் வலயமும் எண்ணிக்கை எல்லையும் வேண்டும். அவர்களில் உறுதியும் கட்டட அனுமதியும் காட்டுபவருக்கு நியாயமான அவகாசம் கொடுங்கள். பார்சலோனா 2024 ஜூனில், அங்குள்ள 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் அனுமதியையும் 2028 நவம்பருக்குப் பிறகு நீடிப்பதில்லை என்று அறிவித்தது. நாங்கள் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஆனால் கைக்குள் முடிவுத் திகதி இல்லாத சலுகை சலுகையாக இருக்காது, அது சீதனக் காணியாகிவிடும்.

அந்தச் சலுகை ஆளுக்குத்தான் இருக்க வேண்டும், காணிக்கு இருக்கக் கூடாது. விற்றால், அற்றோணியில் இன்னொருவருக்குக் கைமாற்றினால், அன்றே முடிய வேண்டும். காணி பிணக்கில் இருந்தால் பிணக்குத் தீரும் வரை புதிய அனுமதி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இடம்பெயர்ந்த குடும்பம் திரும்பி வந்தால், அது தமிழ்க் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ, அவர்களையும் "ஏற்கனவே இருந்தவர்" என்றே கணக்கெடுக்க வேண்டும். அவர்களின் பாட்டன் இங்கேதான் இருந்தார். ஓட விட்டவர்கள் வேறு ஆட்கள்.

"முஸ்லிம் ஆக்களுக்கு இப்ப தீவிலை என்ன இருக்கு, ஏன் இந்தக் கதை?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என்ன இருந்தது என்று காணிப் பதிவகத்து இடாப்பில் இருக்கிறது. "முதலீட்டை விரட்டாதேங்கோ" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: யாருடைய காணி என்று தெரியாத இடத்துக்கு நல்ல முதலீட்டாளன் வரமாட்டான், வருகிறவன் வேறு ரகம். எங்கள் ஆட்களிலும் அடுத்தவன் வளவில் கட்டில் போட்டு வாடகை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

பிரதேச சபை உறுப்பினர்கள் பலர் எங்கள் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள், வாசிப்பார்கள் என்று தெரியும். உபவிதி வரைபு என்று ஒன்று மேசைக்கு வந்தால், அதில் திகதி எழுதியிருக்கும் வரியை முதலில் தேடிப் பாருங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் காணிக்காரர்களுக்கு: உறுதியின் பிரதி இல்லாவிட்டால், பழைய உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரிந்தாலே யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தேடலாம். இடாப்பைப் பார்த்து, உங்கள் காணியில் புதிதாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து கேவியட் பதிவு செய்யுங்கள். சோலைவரி நிலுவை இருந்தால் கட்டி, ரசீதை உங்கள் பெயரில் எடுங்கள். இந்த லீவுக்கு ஊருக்கு வருபவர்கள் கடற்கரைக்குப் போக முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.